பிரேக் ஆயிலைக் குடித்த இன்ஜின்: ஒரு பழைய எம்ஜிபி காரின் பூஸ்டர் வேலை

வண்டி 1971 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர். இரண்டு சீட், மடக்கும் துணிக்கூரை, வலப்பக்க ஸ்டீயரிங். ராணிப்பேட்டையில் ஒரு குடும்பத்தினுடையது. பெரியவர் இருந்தவரை ஓடியது, அவருக்குப் பிறகு பல வருஷம் ஷெட்டிலேயே நின்றது. இப்போது மகன் தூசி தட்டி எடுத்து ஓட்ட ஆரம்பித்திருக்கிறார். வேலூரில் எங்கள் பட்டறைக்கு அவர் வந்தது பிரேக் வேலைக்காக இல்லை. இன்ஜின் புகைக்கிறது, இறக்கிப் பிரித்து பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டும் என்று வேறொரு பட்டறையில் எஸ்டிமேட் போட்டுக் கொடுத்திருந்தார்கள். செலவு பெரிது. அதனால் நீங்களும் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்று வந்திருந்தார்.

“ஓட்டும்போது ஒண்ணும் தெரியலண்ணா. கிரீன் சர்க்கிள்கிட்ட டிராஃபிக்ல நின்னா போதும், பின்னாடி பைக்ல வர்றவங்க மூக்க மூடிக்கிறாங்க” என்றார். வெள்ளைப் புகை. பேச்சோடு பேச்சாக, பெடல் கல்லு மாதிரி இருக்கிறது, முழு காலையும் போட்டு மிதித்தால்தான் நிற்கிறது என்றார். கிளம்பும் நேரத்தில் கடைசியாக ஒன்று சொன்னார்: பிரேக் ஆயில் மாதம் ஒரு முறை ஊற்ற வேண்டியிருக்கிறது, ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் கூட இல்லை.

மூன்றும் ஒரே நோய் என்று அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. ஆயில் எங்கேயும் ஒழுகாமல் குறைகிறது என்றால், வெளியே வராத ஓர் இடத்துக்குப் போகிறது என்று அர்த்தம். பூஸ்டர், அதாவது இன்ஜினின் உறிஞ்சு விசையால் பிரேக் மிதிக்குப் பலம் கூட்டுகிற சாமான், வைத்த வண்டியில் அப்படி ஓர் இடம் உண்டு.

முன்னால் பார்த்த பட்டறைக்காரர் ஏன் இன்ஜின் பக்கம் போனார் என்பதும் புரிகிறது. எம்ஜிபியில் இருப்பது 1798 சி.சி. பி-சீரிஸ் இன்ஜின். நம்ம ஊர் அம்பாசடரில் பல காலம் ஓடிய 1489 சி.சி. இன்ஜினும் அதே பி-சீரிஸ் குடும்பம்தான். பழைய வட ஆற்காடு மாவட்டப் பக்கம் வயதான மெக்கானிக் யாரையும் கேளுங்கள், அந்த இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். அம்பாசடர் புகைத்தால் ரிங், இல்லையென்றால் வால்வு கைடு. அந்தப் பழக்கத்தில் இதையும் பார்த்துவிட்டார். ஆனால் இன்ஜின் ஆயில் எரிகிற புகை நீல நிறம் காட்டும், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் கூடும். இந்த வண்டியில் நடந்தது நேர்மாறு. ஓடும்போது அடங்கி, நின்றால் கிளம்புகிறது. ரேடியேட்டர் தண்ணீர் எரிந்தாலும் வெள்ளையாக வரும். ஆனால் தண்ணீர் மட்டம் குறையவில்லை. போதாததற்கு புகையில் ஒரு தித்திப்பான நெடி, கண்ணைக் கரிக்கிற மாதிரி. பிரேக் ஆயில் சூடான சைலன்சர் மேல் ஒரு தடவை கொட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த நெடி மறக்காது.

முதல் பரிசோதனைக்கு ஸ்பேனர் கூட வேண்டியதில்லை. வண்டியை ஐடிலில் விட்டு (நின்ற இடத்தில் இன்ஜினை மட்டும் மெதுவாக ஓடவிட்டு), காலை பிரேக்கிலிருந்து எடுக்கச் சொன்னோம். சிறிது நேரத்தில் புகை மெலிந்தது. பிறகு பெடலை அழுத்திப் பிடிக்கச் சொன்னோம். புகை திரும்பவும் கெட்டியானது. டிராஃபிக்கில் நிற்கும்போது மனிதன் காலை எங்கே வைத்திருப்பான்? பிரேக்கில்தான்.

அடுத்து இன்ஜினுக்குள் காற்று போகிற குழாயான இன்லெட் மேனிஃபோல்டில் வாக்கம் கேஜ், அதாவது உறிஞ்சு விசையை அளக்கிற மீட்டர், மாட்டினோம். நல்ல நிலையில் இருக்கிற பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் 18 முதல் 21 அங்குலம் பாதரச அளவுக்கு வாக்கம் இழுக்கும். இதில் முள் 15-ஐ ஒட்டியே ஆடிக்கொண்டிருந்தது, பெடலை மிதித்தால் இன்னும் சரிந்தது. பூஸ்டருக்குப் போகிற ஹோஸைக் கழற்றி, மேனிஃபோல்டு பக்கத்து வாயை அடைத்தோம். முள் நேராக 19-க்கு ஏறி நின்றது. இன்ஜின் நன்றாகவே இழுக்கிறது, காற்று கசிவது பூஸ்டர் பக்கம். கழற்றின ஹோஸைத் தலைகீழாகப் பிடித்தால் உள்ளேயிருந்து பழுப்பு நிறத்தில் பிரேக் ஆயில் சொட்டியது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று கம்ப்ரஷனும் பார்த்தோம். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக, நல்ல அளவில் இருந்தன. ரிங்குக்கு ஒன்றும் இல்லை. அந்த எஸ்டிமேட் காகிதத்தை மடித்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டோம்.

இந்த பூஸ்டர் வேலை செய்கிற விதம்

இன்றைய கார்களில் பூஸ்டர் என்பது பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் (பெடல் மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளுகிற பம்ப்) நடுவே உட்கார்ந்திருக்கும் பெரிய தட்டு. பெடல் ராடு நேராக அதைத் தள்ளும். 1971 எம்ஜிபியில் இருப்பது வேறு வகை, லாக்ஹீட் ரிமோட் பூஸ்டர். அப்போது கூடுதல் விலைக்கு மாட்டிக் கொடுத்தார்கள். பானெட்டுக்கு உள்ளே தனியாக நிற்கும். பெடலுக்கும் அதற்கும் கம்பித் தொடர்பு கிடையாது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் பைப் இதற்குள் நுழைந்து, இதிலிருந்து சக்கரங்களுக்குப் போகிறது.

உள்ளே ஒரு தகர ஓடு, அதை இரண்டு அறையாகப் பிரிக்கும் ரப்பர் டயஃப்ரம். சும்மா இருக்கும்போது இரண்டு அறையிலும் வாக்கம்தான், அதனால் டயஃப்ரம் அசையாது. பெடலை மிதித்ததும் வருகிற ஆயில் அழுத்தம், பக்கத்தில் இருக்கிற ஒரு சின்ன ஏர் வால்வு பிஸ்டனைத் தூக்கும். அது முதலில் இரண்டு அறைக்கும் நடுவில் இருக்கிற வழியை அடைக்கும், பிறகு ஒரு பக்க அறைக்கு வெளிக்காற்றைத் திறந்துவிடும். காற்று ஃபில்டர் வழியாக உள்ளே பாய்ந்து டயஃப்ரத்தைத் தள்ள, டயஃப்ரம் புஷ் ராடைத் தள்ள, ராடு ஸ்லேவ் சிலிண்டருக்குள் இருக்கிற பிஸ்டனைத் தள்ளும். கால் கொடுத்த அழுத்தமும் இதுவும் சேர்ந்து சக்கரத்துக்குப் போகும்.

எவ்வளவு பலம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 அங்குல வாக்கம் என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.7 கிலோ. டயஃப்ரத்தின் விட்டம் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 177 சதுர சென்டிமீட்டர், தள்ளுவிசை 120 கிலோவைத் தாண்டும். ஒரு ஆள் ஏறி நின்று மிதிக்கிறதை விட அதிகம், அதுவும் வெறும் காற்றால்.

பூஸ்டர் செத்துப்போனாலும் பிரேக் போகாது. ஸ்லேவ் பிஸ்டனின் நடுவில் ஒரு ஓட்டை உண்டு, ஆயில் அது வழியாக நேராகச் சக்கரத்துக்குப் போகும், காலுக்குத்தான் பாரம். நம்ம வண்டியின் கல்லுப் பெடல் இதுதான்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இந்த மாடலில் பிரேக் ஒரே சர்க்யூட். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று பிரிவு கிடையாது. பூஸ்டருக்குள் ஒரு ரப்பர் முழுசாக விட்டுவிட்டால் நான்கு சக்கரத்துக்கான ஆயிலையும் இன்ஜின் உறிஞ்சிவிடும். புகை வருகிறது, கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிற வேலை இல்லை. அன்றைக்கே வண்டியை நிறுத்தச் சொன்னோம்.

பிரித்தது

கழற்றும்போதே ஓட்டுக்குள் ஆயில் குலுங்குகிற சத்தம் கேட்டது. கவிழ்த்தால் கிண்ணம் நிறைய வந்தது. பூஸ்டருக்குக் கீழே இருந்த பெயிண்ட் முழுக்கப் பொக்கிப்போய், விரலால் தொட்டால் உரிந்தது. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும், பழைய வண்டியில் பெயிண்ட் உரிந்திருக்கிற இடமே நமக்கு ஒரு வரைபடம்.

பிரிப்பதற்கு முன் ஓடு, உடல், மூடி மூன்றிலும் கோடு கிழித்துக்கொண்டோம். பொருத்தும்போது ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் பைப் திசை மாறிவிடும். பின்மூடி திருகித் திறக்கிற வகை. துருப்பிடித்து இறுகியிருந்தது. சுத்தியலால் தட்டினால் மெல்லிய தகரம் நெளியும், நெளிந்தால் வாக்கம் நிற்காது. தோல் தொழில் நடக்கிற ஊர்கள் பக்கத்திலேயே இருப்பதால் தடிமனான தோல் பெல்ட் துண்டு எப்போதும் பட்டறையில் கிடக்கும். அதைச் சுற்றி நெம்பித்தான் திருப்பினோம்.

டயஃப்ரம் ஆயிலில் ஊறி உப்பியிருந்தது, விளிம்பில் ஓரிடத்தில் கிழிசல். ஏர் வால்வு பிஸ்டன் பழுப்புப் பிசினில் ஒட்டிக்கொண்டு பாதியில் நின்றிருந்தது. பெடல் ஏன் கல்லானது என்பதற்கு இவை இரண்டே போதும். ஏர் ஃபில்டரின் அடி காய்ந்திருந்தது. இது முக்கியமான தடயம். ஏர் வால்வு பிஸ்டனின் வாஷர் (ஆயிலை வெளியே விடாமல் பிடிக்கிற ரப்பர் வளையம்) கசிந்தால் ஆயில் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் முதலில் தலைகாட்டும். இங்கே ஃபில்டர் உலர்ந்து, பெரிய ஓட்டுக்குள் மட்டும் ஆயில் நிற்கிறது. அப்படியென்றால் கசிவு புஷ் ராடைச் சுற்றியிருக்கிற வாஷரில். அந்த வாஷரின் ஒரு பக்கம் பெடல் அழுத்தம், மறுபக்கம் இன்ஜினின் வாக்கம். ஒன்று தள்ளுகிறது, மற்றொன்று இழுக்கிறது. கால் வைத்தால் புகை கூடியதற்குக் காரணம் இதுதான்.

ஸ்லேவ் சிலிண்டரின் உள்சுவரைத் துடைத்து, லைட் அடித்துப் பார்த்தோம். பிஸ்டன் ஓய்வில் உட்காருகிற இடத்தில், கீழ்ப்பக்கமாக, ஊசி முனையால் குத்தின மாதிரி வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியின் வாயிலும் வெள்ளைப் பொடி, அலுமினியம் அரித்த உப்பு. ராடு வாஷர் உட்காருகிற பள்ளத்திலும் அதே பொடி படிந்து, வாஷரை ஒரு பக்கம் தூக்கிவிட்டிருந்தது. புஷ் ராடில் ஒரு வளையம் போலத் துரு. நகத்தைக் குறுக்கே இழுத்தால் தட்டியது. நகம் தட்டுகிற எந்தச் சுவரிலும் ரப்பர் நிற்காது.

இங்கேதான் கார்க்காரர் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார். இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ரிப்பேர் கிட். எல்லா வாஷரும், டயஃப்ரமும், ஃபில்டரும் இருந்தன. “இத போட்டா போதும் இல்லண்ணா?”

போதாது. பூஸ்டர் வேலையில் ரப்பர் சின்ன விஷயம், சுவர்தான் பெரிய விஷயம். குழி விழுந்த சுவரில் புது வாஷரைப் போட்டால் முதல் நாள் பெடல் அருமையாக இருக்கும். மிதிக்க மிதிக்க அந்தக் குழியின் விளிம்பு புது ரப்பரைச் சீவும். சில மாதத்தில் மறுபடியும் புகை. அப்போது “கிட் டூப்ளிகேட்” என்று கிட்டின் மேல் பழி விழும். பட்டறைகளில் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், எரிச்சலாகவே இருக்கிறது. கிட் மாற்றியது வேலையில் பாதி கூட இல்லை என்பதைக் கார்க்காரரிடம் சொல்லாமல் பணம் வாங்குவது தப்பு.

எமரி பேப்பரைச் சுற்றித் தேய்த்துக் குழியை எடுத்துவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. குழியின் அடி வரை தேய்த்தால் சிலிண்டர் அகன்றுவிடும், வாஷர் தளர்ந்துவிடும், பிஸ்டன் சாய்ந்து உரசும். லேசான பிசின் படலத்தை எடுக்கலாம், அதற்கு மேல் கூடாது. மிச்சம் இருந்தது இரண்டு வழி. புதுசாக ஒரு ரிமோட் பூஸ்டர் வாங்குவது, அல்லது ஸ்லீவ் போடுவது, அதாவது சிலிண்டரின் உள்ளே புதுக் குழாய் இறக்கிப் புதுச் சுவர் கொடுப்பது. அப்பா வண்டியில் இருந்த அசல் சாமானே இருக்கட்டும் என்றார் மகன். ஸ்லீவ்தான் என்று முடிவானது.

ஸ்லீவ்

ராணிப்பேட்டையில் பெல் தொழிற்சாலையை அண்டி வளர்ந்த லேத் பட்டறைகள் ஏராளம். அதில் ஒரு பாயிடம் நாங்கள் வழக்கமாகக் கொடுப்போம். பேச்சு குறைவு, மைக்ரோமீட்டரைக் கீழே வைக்க மாட்டார். சிலிண்டரைக் கையில் வாங்கி உள்ளே பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “பித்தளையா, ஸ்டெயின்லெஸ்ஸா?”

இதில் எனக்குத் திட்டமான கருத்து உண்டு. ஸ்டெயின்லெஸ் தேயாது என்பது உண்மைதான். ஆனால் உடல் அலுமினிய வார்ப்பு, சூட்டில் இரண்டும் ஒரே மாதிரி விரியாது. 25 மில்லிமீட்டர் விட்டம் என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். 100 டிகிரி சூடு ஏறினால் அலுமினியம் சுமார் 0.058 மி.மீ. விரியும், பித்தளை 0.048, ஸ்டெயின்லெஸ் 0.043. மே மாதம் வேலூரில் பானெட்டுக்கு அடியில் இருக்கிற சூட்டில், இறுகப் பிடித்திருக்க வேண்டிய ஸ்லீவ் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். இளகினால் ஸ்லீவுக்கு வெளியே ஆயில் நுழையும். பித்தளையில் அந்த வித்தியாசம் குறைவு. அதோடு பித்தளை நன்றாக ஹோன் ஆகும், அதாவது கல்லால் தேய்த்தால் உள்சுவர் வழவழப்பாக வரும். பிரேக் ஆயில் பித்தளையை அரிக்குமோ என்ற பயம் வேண்டாம். பிரேக் ஆயிலுக்கான தரச் சோதனையிலேயே எஃகு, அலுமினியம், வார்ப்பிரும்போடு பித்தளைத் துண்டையும் செம்புத் துண்டையும் ஊறவைத்துத்தான் பார்க்கிறார்கள். பித்தளை என்று சொன்னோம்.

அளவு எடுத்தது குழி விழாத முன்பகுதியில், புது பிஸ்டன் வாஷரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பாய் சிலிண்டரை நாலு தாடைச் சக்கில் கட்டி, டயல் வைத்து மையம் பிடித்தார். வேலையில் பாதி நேரம் இதற்கே போனது. பழைய சுவரை வெட்டி எடுத்து, பித்தளைக் குழாயை வெளிப்பக்கம் ஒரு இழை பெரிதாகக் கடைந்தார். சிலிண்டரை அடுப்பில் சூடாக்கி, ஸ்லீவை ஃப்ரீஸரில் வைத்து, லாக்கிங் திரவம் தடவி ஒரே மூச்சில் இறக்கினார். நடுவில் நின்றால் அவ்வளவுதான், மறுபடி வெட்டி எடுக்க வேண்டும். ஆறின பிறகு உள்ளே கடைந்து, ஹோன் போட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார்.

இதற்குப் பிறகு வருகிற சின்ன வேலையில்தான் பல ஸ்லீவ்கள் கெட்டுப்போகின்றன. ஸ்லீவ் இறங்கினதும் பழைய ஆயில் துளைகள் மூடிவிடும், திரும்பத் துளைக்க வேண்டும். வெளியிலிருந்து ட்ரில் போட்டால் உள்பக்கம் விளிம்பில் பிசிறு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. காது குடைகிற பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டு, துளையின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒரு நூல் பஞ்சு சிக்கினால் கூட, அங்கே பிசிறு இருக்கிறது. அது வாஷரின் உதட்டைச் சீவும். பாய் மெல்லிய கல்லால் விளிம்பை மழுக்கிக் கொடுத்தார். நாங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்து பஞ்சு இழுத்தோம், ஓரிடத்தில் சிக்கியது, திரும்ப மழுக்கினோம். பஞ்சு வழுக்கிக்கொண்டு வருகிற வரை அந்த இடத்தை விடவில்லை.

புஷ் ராடையும் அவரே புதிதாகக் கடைந்து, ஹார்டு குரோம் போட்டு கிரைண்ட் செய்து கொடுத்தார். ஏர் வால்வின் சின்ன சிலிண்டர் நல்லவேளையாகக் குழி இல்லாமல் இருந்தது. பிசின் மட்டும்தான், ஸ்பிரிட்டும் நைலான் பிரஷ்ஷும் போதுமாயிற்று. தகர ஓடு, மூடி இரண்டையும் துரு எடுத்து ஜிங்க் பிளேட்டிங்குக்கு அனுப்பினோம். உள்ளே இருக்கிற பெரிய ஸ்பிரிங்கை மட்டும் அதோடு சேர்த்து அனுப்பவில்லை. பிளேட்டிங் தொட்டியில் ஹைட்ரஜன் ஏறினால் ஸ்பிரிங் எஃகு நொறுங்குகிற குணத்துக்குப் போய்விடும். சுத்தம் செய்து அப்படியே வைத்துக்கொண்டோம்.

ரப்பர்

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூவுக்கு ரப்பர் சோல் ஊற்றுகிறவர்கள் நிறைய. எந்த வடிவம் கேட்டாலும் அச்சுப் போட்டுத் தந்துவிடுவார்கள். பழைய வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள், வாஷரை அங்கேயே செய்துகொள்ளக் கூடாதா என்று. கதவு பீடிங், பெடல் ரப்பர், மேட் என்றால் தாராளமாக. பிரேக் ஆயில் படுகிற வாஷர் மட்டும் வேண்டாம். அதற்கென்று உள்ள ரப்பர் வேறு. பெட்ரோல், டீசலைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் பிரேக் ஆயிலில் ஊறிக் கெட்டுவிடும். பிரேக் ஆயிலைத் தாங்கும் இபிடிஎம் ரப்பர் பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் உப்பிவிடும். ஒன்று நின்ற இடத்தில் மற்றொன்று நிற்காது.

அதனால் பிரேக் சாமானை மண்ணெண்ணெயில் கழுவுகிற பழக்கத்தை எங்கள் பட்டறையில் அனுமதிப்பதில்லை. வேலைக்குச் சேருகிற எந்தப் பையனுக்கும் முதல் வாரம் இதைக் காட்டிவிடுவோம். ஒரே அளவில் இரண்டு பழைய இபிடிஎம் வாஷரை எடுத்து ஒன்றை மண்ணெண்ணெயிலும் ஒன்றை புது பிரேக் ஆயிலிலும் ராத்திரி போட்டு வைப்போம். காலையில் மண்ணெண்ணெயில் கிடந்ததை எடுத்து அதன் சிலிண்டருக்குள் போடச் சொன்னால் போகாது. அதற்குப் பிறகு யாரும் அந்த டப்பாவைப் பிரேக் பக்கம் கொண்டுவர மாட்டார்கள். இந்த பூஸ்டரின் உள்பாகங்களை ஸ்பிரிட்டில் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, புது பிரேக் ஆயிலில் நனைத்து மாட்டினோம். வாஷரின் உதடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் குழப்பமே கூடாது, அழுத்தம் வருகிற பக்கம் பார்க்க வேண்டும். டயஃப்ரத்தை மட்டும் உலர்ந்த நிலையிலேயே உட்கார வைத்தோம்.

பூட்டிய பிறகு மேஜை மேலேயே கைப்பம்பால் 20 அங்குலம் வாக்கம் இழுத்து விட்டோம். டீ குடித்துவிட்டு வந்து பார்க்கிற வரை முள் அசையவில்லை. வண்டியில் ஏற்றின பிறகு கசிந்தால் திரும்ப எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், அதனால் மேஜைப் பரிசோதனையை எப்போதும் தவிர்க்காதீர்கள்.

வண்டியில் ஏற்றியது

ஊறிப்போன பழைய ஹோஸைத் தூக்கிப்போட்டுவிட்டு வாக்கத்துக்கென்றே வரும் தடித்த ஹோஸ் போட்டோம். சாதாரண பெட்ரோல் ஹோஸ் போட்டால் சூட்டில் இளகி, வாக்கம் இழுக்கும்போது உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், கண்டுபிடிப்பது கஷ்டம். அந்த ஹோஸில் வருகிற என்.ஆர்.வி. வால்வை (காற்றை ஒரு பக்கம் மட்டும் விடுகிற வால்வு) வாயால் ஊதினால் ஒரு பக்கம்தான் போக வேண்டும். இதில் இரண்டு பக்கமும் கொஞ்சம் போனது, மாற்றினோம். உறிஞ்சின பிரேக் ஆயில் இன்ஜினின் சிலிண்டர் சுவரைக் கழுவியிருக்கும் என்பதால் இன்ஜின் ஆயிலையும் மாற்றினோம்.

பூஸ்டரை ஸ்லேவ் சிலிண்டரின் மூக்கு மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்துத்தான் மாட்ட வேண்டும். சமமாக மாட்டினால் காற்று உள்ளேயே தங்கி, எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சு மாதிரி இருக்கும். இன்ஜினை நிறுத்தி, பெடலை நாலைந்து தடவை மிதித்து மிச்ச வாக்கத்தைக் காலி செய்தோம். பூஸ்டர் வாயிலேயே பைப் நட்டை இளக்கி முதல் காற்றை விட்டோம். பிறகு தூரத்துச் சக்கரத்திலிருந்து வரிசையாக ஏர் எடுத்து, டாட் 4 தரத்துப் புது பிரேக் ஆயில் தெளிவாக வருகிற வரை ஊற்றிக்கொண்டே இருந்தோம்.

அப்புறம் வழக்கமான சோதனை. இன்ஜின் நின்றிருக்கும்போது பெடலை மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கியது. ஓட்டி நிறுத்தி, சில நிமிஷம் கழித்து மிதித்தால் முதல் மிதிக்கு ‘உஸ்’ என்ற சத்தத்தோடு பூஸ்டர் பலம் வர வேண்டும். வந்தது. ஐடிலில் வாக்கம் 19.

புகை மட்டும் உடனே நிற்கவில்லை. கார்க்காரர் முகம் வாடிவிட்டது. இது எதிர்பார்த்ததுதான். இத்தனை நாள் உறிஞ்சின ஆயில் மேனிஃபோல்டின் அடியிலும் சைலன்சருக்குள்ளும் தேங்கியிருக்கும், அது எரிந்து தீர வேண்டும். அந்தப் புகையைப் பார்த்துப் பயந்து பூஸ்டரைத் திரும்பக் கழற்றினவர்கள் உண்டு. கழற்ற வேண்டாம், ஆயில் மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள் என்றோம். பெங்களூர் ரோட்டில் பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் புகை நின்றுபோனது. கோடு கோட்டிலேயே இருந்தது.

முழுச் சோதனைக்கு ஏலகிரி போனோம். பாரதியார், வள்ளுவர், பாரி, ஓரி என்று பெயர் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்குக்கு நம்ம பக்கத்தில் அதை விட நல்ல பரீட்சை இல்லை. ஆனால் இறக்கத்தில் மட்டும் சோதித்தால் ஏமாந்துபோவோம். கியரில் விட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது இன்ஜின் ஐடிலை விட அதிகமாக வாக்கம் இழுக்கும். சுமாரான பூஸ்டர் கூட அங்கே நன்றாக வேலை செய்வது போலத் தெரியும். கடினமான சோதனை மேலே, ஊருக்குள். ஏலகிரி ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தமே குறைவு, ஐடில் வாக்கமும் மூன்று அங்குலத்துக்கு மேல் குறைந்துவிடும். அந்த இடத்தில், ஐடிலில், அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை மிதித்தாலும் பெடல் இறுகக் கூடாது. இறுகவில்லை. இறங்கிவந்து பொன்னேரியில் நிறுத்தி நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தோம். முன் இரண்டும் ஒரே சூடு, பின் இரண்டும் ஒரே சூடு. எதுவும் பிடித்துக்கொண்டு ஓடவில்லை.

ஏன் அரித்தது

வேலூர் வெயிலில் துருவா என்று கார்க்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தைத் தானாக இழுத்துக்கொள்ளும். மூடியில் இருக்கிற மூச்சுத் துளை வழியாகப் பகல் சூட்டில் காற்று வெளியே போய், ராத்திரி குளிரில் உள்ளே வருகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் வருகிற காற்று ஈரக்காற்று. வருஷக்கணக்கில் இது நடந்தால் ஆயிலில் தண்ணீர் சேரும், அரிப்பைத் தடுக்கிற மருந்தும் தீர்ந்துபோகும். ஓடுகிற வண்டியில் வாஷர் நகர்ந்து சுவரைத் துடைத்துக்கொண்டே இருக்கும். நிற்கிற வண்டியில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, அந்த இடத்தையே அரிக்கவிடும். குழிகள் பிஸ்டன் ஓய்விடத்தில் மட்டும் வரிசையாக இருந்ததற்குக் காரணம் இதுதான். கொதிநிலையும் விழுந்துவிடும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும், ஈரம் ஏறினபின் அதற்கு வைத்திருக்கிற அளவு வெறும் 155. ஏலகிரி இறக்கத்தில் அந்த வித்தியாசம் உயிர் சமாச்சாரம்.

வண்டியைக் கொடுக்கும்போது மகனிடம் சொன்னது: இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயிலைப் பூஸ்டர் வழியாக முழுசாக மாற்றுங்கள், ரிசர்வாயரில் ஊற்றி நிரப்புவது கணக்கில் வராது. ஓட்ட முடியாத மாதங்களிலும் வாரம் ஒரு தடவை இன்ஜினைப் போட்டுப் பத்துப் பதினைந்து தடவை பெடலை மிதியுங்கள். மழைக்காலம் முடிந்து சர்வீசுக்கு வந்தபோது ஆயில் மட்டம் கோட்டை விட்டு இறங்கவில்லை, ஹோஸின் உள்பக்கம் காய்ந்திருந்தது. பழைய டயஃப்ரத்தையும் புஷ் ராடையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தோம். அடுத்து பின் டிரம் வீல் சிலிண்டர்களைத் திறக்கப்போகிறோம். அதே ஆயில் அதே ஷெட்டில் அவற்றிலும்தான் நின்றிருக்கிறது.